ஆய்வகத்தில் முதல் வேலை: திட்டம் முடியும் தேதியை முதலில் கேளுங்கள்

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்த வருடம். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரம்பரை ஒருவர் அப்பாவிடம் கேட்டார். "ஏனுங்க, புள்ளைக்கு வேலை கெடச்சிருச்சுங்களா, இன்னும் படிச்சுட்டேதான் இருக்குதுங்களா?" அப்பா என்னைப் பார்த்தார். "ஜே.ஆர்.எஃப். கெடச்சிருக்குதுங்க மாமா" என்றேன். "அது வேலையா அம்மிணி, படிப்பா?"

ஜே.ஆர்.எஃப். என்பது ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ, மாதத் தொகை வாங்கிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்யும் இளநிலை ஆய்வாளர் பணி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. வேலை என்று நினைத்துப் போகிறவர்கள் பி.எச்டி. பதிவு பற்றிக் கேட்காமல் விடுகிறார்கள். படிப்பு என்று நினைத்துப் போகிறவர்கள் சம்பளம் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கும் சேர்த்து.

உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?

பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணியிடம் குறைவு. புதிதாக வருகிறவர் உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் ஆய்வுத் திட்டம்தான். ஒரு பேராசிரியர் திட்ட வரைவு எழுதி மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.), அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.), மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐ.சி.எம்.ஆர்., வேளாண் ஆராய்ச்சிக்கான ஐ.சி.ஏ.ஆர்., தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் என்று எங்காவது அனுப்புவார். ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அமைப்புகளில் முன்பு செர்ப் என்றிருந்தது 2024 முதல் ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்டது. பழைய அறிவிப்புகளில் செர்ப் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். நிதி கிடைத்ததும் அதில் கருவிக்கு, ரசாயனத்துக்கு, பயணத்துக்கு, ஆளுக்கு என்று தனித்தனித் தலைப்பு இருக்கும். அந்த 'ஆள்' தலைப்பிலிருந்து வருவதுதான் உங்கள் சம்பளம்.

ஆகவே உங்களை எடுப்பது பல்கலைக்கழகம் போலத் தெரிந்தாலும், உண்மையில் எடுப்பது அந்தத் திட்டம். திட்டம் முடிகிற நாளில் பணியும் முடியும். எல்லா அறிவிப்பிலும் இந்த வரி கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் அதைப் படிக்கவில்லை. முதலில் சேர்ந்த இடத்தில் 3 ஆண்டுத் திட்டத்துக்கு மீதமிருந்தது 7 மாதம். எனக்கு முன் இருந்தவர் பாதியில் விட்டுப்போன நாற்காலி அது. ஆர்டர் வந்த சந்தோஷத்தில் ஓடினேன். பிரைமர் (சோதனைக்கு வேண்டிய சிறு டி.என்.ஏ. துண்டு) வாங்க 2 மாதம், கருவி பழுது 1 மாதம், அறிக்கை எழுத 1 மாதம் போக, கையில் மிஞ்சியது ஓர் அனுபவச் சான்றிதழ். அறிவிப்பை ஒழுங்காகப் படிக்காதது என் தப்புதான்.

அதனால் முதல் படி இதுதான்: அறிவிப்பு கையில் வந்ததும் சம்பளத்தைப் பார்க்கும் முன் திட்டத்தின் காலத்தைப் பாருங்கள். தொடங்கிய தேதி இல்லையென்றால் பேராசிரியருக்கு ஒரு வரி மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பதவிப் பெயர்களும் பணமும்

ஜே.ஆர்.எஃப். என்றால் முதுநிலை அறிவியல் பட்டமோ பி.இ., பி.டெக். போன்ற தொழிற்பட்டமோ இருக்க வேண்டும். அத்துடன் நெட், கேட் போன்ற தேசியத் தேர்வு ஒன்றில் தேர்ச்சியும் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். 2 ஆண்டு முடிந்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (சீனியர்), 42,000. முனைவர் பட்டத்துக்குப் பிறகான ரிசர்ச் அசோசியேட் பணிக்கு 58,000-லிருந்து 67,000 வரை மூன்று படிகள்.

தேசியத் தேர்வு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 'புராஜெக்ட் அசோசியேட்' என்ற பதவி அவர்களையும் எடுக்கும். 2020-இல் டி.எஸ்.டி. வெளியிட்ட உத்தரவில் முதல் நிலைக்குத் தேர்ச்சி பெற்றவர்க்கு 31,000, மற்றவர்க்கு 25,000, வயது வரம்பு 35. ஒரு திட்டம் எந்த வருடத்து உத்தரவின்படி ஒப்புதல் பெற்றதோ அதன்படிதான் தொகை. பக்கத்து ஆய்வகத் தோழிக்கு உங்களைவிட அதிகம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். இத்துடன் வீட்டு வாடகைப் படி சேரும். விடுதி அறை கொடுத்துவிட்டால் அது கிடைக்காது. கோவை வடவள்ளியில் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுப்பதா, வளாக விடுதியா என்று முடிவெடுக்கும் முன் இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள்?

பல்துறை பயோடெக் என்று போட்ட அறிவிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. அந்தச் சொல்லைப் பார்த்ததும் "எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ" என்று விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். தேவையில்லை. ஒரு துறையில் கை பழகியிருக்க வேண்டும், இன்னொரு துறைக்காரர் பேசுவது புரிய வேண்டும். அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்த இரண்டாவது துறை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் என்பது என் எண்ணம். திருப்பூரில் வளர்ந்த பிள்ளைக்குச் சாயப்பட்டறைத் தண்ணீர் என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவர்கள் தெருவே சும்மா இருந்தது. அந்தப் பிள்ளை நுண்ணுயிரியல் படித்துவிட்டுச் சாயக் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பற்றிய திட்டத்துக்குப் போனால் நேர்காணலில் அவள் பேசுவது தனியாகத் தெரியும். ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவு, நாமக்கல் கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு, 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் உயிரியல், வேதியியல், பொறியியல், புள்ளியியல் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் நாட்டுக் கரும்பு வகையையும் காட்டு இனமான சக்காரம் ஸ்பான்டேனியத்தையும் கலந்துதான் கோ 205 ரகத்தை எடுத்தார்கள். 1918-இல் வெளியான அந்த ரகம் வட இந்தியா வரை போனது. இனிப்பு ஒரு பக்கத்திலிருந்து, தாக்குப்பிடிக்கும் தன்மை இன்னொரு பக்கத்திலிருந்து.

எங்கே தேடுவது? கோவை லாலி ரோட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவர மூலக்கூறு உயிரியல் மையம், மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. வன மரபியல் நிறுவனமும் ஆனைகட்டியில் பறவையியல் மையமான சாக்கானும் இருக்கின்றன. மருத்துவத் துணிகளில் ஆர்வமிருந்தால் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா. தனியார் பக்கம் பி.எஸ்.ஜி., அமிர்தா, குமரகுரு, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் என்று பட்டியல் நீளும். அறிவிப்புகள் பல இடங்களில் 'வேலைவாய்ப்பு' என்ற தலைப்பில் வருவதில்லை. 'சுற்றறிக்கை', 'செய்திகள்' என்று எங்காவது மூலையில் கிடக்கும், கடைசித் தேதி 10 நாளில் இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், திங்கள் காலை என்று வைத்துக்கொண்டு வரிசையாகத் திறந்து பாருங்கள்.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட்டில் லைஃப் சயின்சஸ், கேட்டில் பயோடெக்னாலஜி அல்லது லைஃப் சயின்சஸ், டி.பி.டி.யின் பெட், ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். இந்த நான்கில் ஒன்றாவது கையில் இருந்தால் போதும். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். பெட்டில் இரண்டாம் பிரிவில் வந்தாலும் வருத்தப்பட வேண்டாம். டி.பி.டி. நிதியில் நடக்கும் திட்டங்களில் அதற்கு மதிப்பு உண்டு. நெட் எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: 200 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 100, சி பகுதியில் இருக்கிறது. 75 கேள்வியில் 25 எழுதினால் போதும். மனப்பாடத்தில் நேரத்தைக் கொட்டுவதைவிடச் சோதனை முடிவுகளைப் படித்துப் பொருள் சொல்லப் பழகுவது லாபம்.

பேராசிரியருக்கு எழுதுவது

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவது தெரிந்துவிடும். 'ஐயா/அம்மா' என்பதில் சாய்கோட்டைக்கூட எடுக்காமல் அனுப்புகிறவர்கள் உண்டு. ஆறு வரி போதும். நீங்கள் யார், எந்தத் திட்டத்துக்கு எழுதுகிறீர்கள், அவருடைய கட்டுரை ஒன்றில் நீங்கள் புரிந்துகொண்டது எது, உங்கள் கையால் செய்யத் தெரிந்தது எது, எப்போது சேர முடியும்.

'கையால் செய்யத் தெரிந்தது' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தன்விவரத்தில் பி.சி.ஆர்., எலைசா, எச்.பி.எல்.சி., செல் கல்ச்சர் என்று ஆய்வக முறைகளை அடுக்கிவிடுகிறோம். பாதி, வகுப்பில் ஆசிரியர் செய்யும்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. நேர்காணலில் "எச்.பி.எல்.சி.யில் எந்த 'காலம்' (கலவையைப் பிரிக்கும் குழாய்) போட்டீர்கள், மொபைல் ஃபேஸ் (அதில் ஓடும் கரைசல்) என்ன" என்று ஒரே கேள்வியில் குட்டு உடைந்துவிடும். நான் இரண்டு பட்டியல் போடச் சொல்வேன்: தனியாகச் செய்தவை, பார்த்தவை. பார்த்ததைப் பார்த்தது என்று எழுதியிருப்பவர் மேல் எனக்கு நம்பிக்கை வரும்.

பொறியியல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உயிரியல் தெரியாததைப் பற்றி மன்னிப்பு கேட்டு எழுத வேண்டாம். சென்சார் ஒன்றைக் கட்டியிருந்தால், படங்களில் செல் எண்ணும் நிரல் எழுதியிருந்தால், அதன் இணைப்பைக் கொடுங்கள்.

நேர்காணல் நாள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல்நாளே வந்துவிடுவது நல்லது. ஈரோட்டிலிருந்து விடியற்காலை கிளம்பிக் காந்திபுரத்தில் இறங்கி மருதமலை பஸ்ஸைப் பிடித்து 9 மணிக்குப் போய்விடலாம் என்று தோன்றும். போகவும் முடியும். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், தேர்வு மதிப்பெண் அட்டை, ஆய்வேட்டின் பிரதி. பயணப்படி கிடைக்காது.

கேள்விகள் பெரும்பாலும் எளிமையானவை. எளிமையானதில்தான் சறுக்குகிறோம். "10 மில்லிமோலார் ஸ்டாக் இருக்கிறது. 100 மைக்ரோமோலாரில் 50 மில்லிலிட்டர் வேண்டும். எவ்வளவு எடுப்பீர்கள்?" 100 மடங்கு நீர்க்க வேண்டும், ஆகவே 0.5 மில்லிலிட்டர், மீதி பஃபர். காகிதம் பேனா கொடுத்தும் இதற்குத் திணறிய தங்கப் பதக்கக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். பற்றி. மாதிரி டி.என்.ஏ. போடாத குழாய்தான் நெகட்டிவ் கன்ட்ரோல், அதில் ஒன்றும் வரக் கூடாது. "பி.சி.ஆரில் நெகட்டிவ் கன்ட்ரோலில் பட்டை வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?" மாசு புகுந்திருக்கிறது, அந்த ஓட்டத்தின் முடிவை நம்ப முடியாது, தண்ணீரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரீஏஜென்ட்டாகப் புதிதாக மாற்றிப் பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும். "மறுபடி ஓட்டுவேன்" என்று மட்டும் சொன்னால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

கணினிப் பக்கத்துக்கு ஒன்று: 20,000 மரபணுக்களைச் சோதித்து பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழ் வந்ததையெல்லாம் எடுத்தால் என்ன ஆகும்? உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணு தற்செயலாகவே பட்டியலில் வந்து உட்காரும். அதற்குத்தான் பலமுறைச் சோதனைத் திருத்தம். ஈர லேப் (கையால் சோதனை செய்கிற) ஆட்களுக்கும் இது தெரிந்திருந்தால் குழு நிமிர்ந்து உட்காரும்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். "இல்லைங்க" என்று எழுந்து வருவது நம் ஊர்ப் பழக்கம். பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். தயவுசெய்து கேளுங்கள். திட்டத்துக்கு எத்தனை மாதம் மீதி? நான் பி.எச்டி.க்குப் பதிவு செய்யலாமா, உங்களிடம் இடம் இருக்கிறதா? யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிகாட்ட முடியும். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் கீழ் இருப்பவர் புதிதாக பி.எச்டி. மாணவரை எடுக்கக் கூடாது. ஆக, ஓடுவது திட்டத்தின் கடிகாரம் மட்டும் இல்லை, வழிகாட்டியின் பணிக்காலமும் ஓடுகிறது. வகுப்பெடுக்கச் சொல்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுப்பதிலேயே போய்விடும்.

முதல் மூன்று மாதம்

பல்துறைக் குழுவில் முதல் சண்டை சொற்களால் வரும். 'மாடல்' என்றால் விலங்கியல்காரருக்கு எலி, புள்ளியியல்காரருக்குச் சமன்பாடு. 'வெக்டர்' ஒருவருக்குப் பிளாஸ்மிட், ஒருவருக்குக் கொசு, ஒருவருக்கு அம்புக்குறி. 'ஸ்ட்ரெஸ்' பயிருக்கு வறட்சி, நூலுக்கு இழுவிசை, நமக்குச் சம்பளம் வராத மாதம். எங்கள் குழுவில் துணிப் பொறியாளர் ஒருவர் 'கல்ச்சர்' (நாங்கள் வளர்த்தெடுக்கும் நுண்ணுயிர்) என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம்தான், அவர் அதைப் பாத்திரத்தின் பெயர் என்று நினைத்திருந்தது தெரிந்தது. புரியாத சொல்லை அன்றைக்கே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கம் முதல் மாதத்தில் குறைவாக இருக்கும், ஆறாவது மாதத்தில் கேட்கவே முடியாது.

ஆய்வக நோட்டு பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. தேதி, லாட் எண், தோற்றுப்போன சோதனை எல்லாம் எழுத வேண்டும். தோற்றதைத்தான் குறிப்பாக.

மரபணு மாற்றிய உயிரி என்றால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு, மனித ரத்த மாதிரி என்றால் மனித நெறிமுறைக் குழு. ஒப்புதல் எண் கையில் இல்லாமல் மாதிரியைத் தொடாதீர்கள். பக்கத்து ஊர் மருத்துவமனையில் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் ரத்தம் வாங்கி வரும் வேலை வேண்டவே வேண்டாம்.

கோவையில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பட்டறைகள். குடுவைகளை ஆட்டிக்கொண்டேயிருக்கும் கருவியான ஷேக்கரில் குடுவையைப் பிடிக்கும் கிளாம்ப் உடைந்துபோய்க் கம்பெனியில் கேட்டால் வர ஆறு வாரம் என்றார்கள். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு உடைந்ததை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இது தொட்டிலாட்டற மிஷினுங்களா?" என்றார். விளக்கினேன். சாயங்காலம் நான்கு கிளாம்ப் தயார், பழையதைவிட உறுதி. பில் மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் பணம் திரும்பி வராது.

பணம் தாமதமாகும்

ஆகும். திட்டப் பணம் வருடத் தவணையாக வருகிறது. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது. நடுவில் நிதியாண்டு மாறினால் இன்னும் தள்ளும். எனக்கு ஒருமுறை 5 மாதம் வரவில்லை, பிறகு ஒரே நாளில் மொத்தமாக வந்தது. அந்த 5 மாதமும் அம்மா மாதாமாதம் பஸ்ஸில் அரிசியும் பருப்பும் கொடுத்துவிட்டாள். முதல் மூன்று சம்பளத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒதுக்கி வையுங்கள். வாகனக் கடன் மாதத் தவணையை முதல் வருடத்தில் தொடங்காதீர்கள்.

இன்னொரு செலவு, கட்டுரை. காசு கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் தினமும் வரும். மதிப்பாய்வு இல்லாத அந்தப் பத்திரிகைகளில் பெயர் ஏறினால் பிறகு அழிக்க முடியாது. யு.ஜி.சி. 2022 விதியில் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கிளம்பும்போது

திட்டம் முடிய 6 மாதம் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். அனுபவச் சான்றிதழைக் கடைசி வாரம் கேட்டால் "நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்" என்று இரண்டு வரியில் வரும். நீங்களே வரைவு எழுதிக் கொடுங்கள். திட்டத்தின் பெயர், ஒப்புதல் எண், சேர்ந்த தேதி, முடிந்த தேதி, தனியாகச் செய்த முறைகள், இயக்கிய கருவிகள் என்று. பேராசிரியர் ஒன்றிரண்டு சொல்லை மாற்றிக் கையெழுத்துப் போடுவார். நூலகம், விடுதி, ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு நான்கிலும் நிலுவையில்லாச் சான்று வாங்கக் குறைந்தது மூன்று நாள் அலைய வேண்டியிருக்கும். ஃப்ரீசரில் உங்கள் பெயர் எழுதிய டப்பாக்களில் எதில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஒட்டாமல் போன டப்பா 43. அதில் 40-ஐத் தூக்கிப் போட்டோம்.